எத்தனால் பெட்ரோலும் நம் வீட்டு வண்டியும்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"நீங்க வேதியியல் படிச்சவர், முப்பது வருஷம் பெயின்ட்டோட பழகினவர், பசங்களுக்குப் பயன்படற மாதிரி ஏதாவது பேசுங்க" என்று செயலாளர் சொன்னார். தலைப்பை நான் தேடிப் போகவில்லை. ஊருக்கு வந்தால் பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலிருந்து கல்யாண வீடு வரைக்கும் ஒரே கேள்விதான்: "பெட்ரோல்ல சாராயம் கலக்கறாங்களாமே, டேங்க் எல்லாம் ஓட்டை ஆகுதாமே, பெயின்ட் உரியுதாமே, நெஜமா?"

இதற்கு ஒரே வார்த்தையில் பதில் கிடையாது. "ஒண்ணும் ஆகாது" என்பவரும் பாதிதான் சொல்கிறார். "எல்லாம் எத்தனாலால்தான்" என்று தலையில் அடித்துக்கொள்ளும் மெக்கானிக்கும் பாதிதான் சொல்கிறார். மீதிப் பாதியைத்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில், இது ஏன் நமக்கு முக்கியம்? பெரிய நகரத்தில் ஒரு வண்டி நின்றுபோனால் இன்னொன்று இருக்கும். நம் பக்கம் அப்படியில்லை. தேவிகாபுரத்திலும் ஒண்ணுபுரத்திலும் சேவூரிலும் தறி வைத்திருப்பவர், நெய்த சேலையை வேட்டித் துணியில் சுற்றி, டேங்க் மேல் வைத்து, ஒரு கையால் அணைத்துக்கொண்டு ஆரணிக்கு ஓட்டி வருகிறார். திரும்பும்போது அதே டேங்க் மேல் பாவு போகிறது, பட்டு நூல் போகிறது. இந்த டேங்கின் மூடி கசிந்தாலோ, மேலே இருக்கும் பெயின்ட் இளகி ஒட்டினாலோ போவது பெயின்ட் மட்டுமா? ஒரு பட்டுச் சேலையில் கறை பட்டால் அது பல நாள் உழைப்பு. பத்துப் பதினைந்து வருஷத்து வண்டி ஓட்டுகிறவருக்கு, டேங்க் மாற்றும் செலவு சேலைக் கூலியிலிருந்துதான் போக வேண்டும். அதனால் இதை வண்டிப் பிரியர்களின் கவலை என்று தள்ளிவிட முடியாது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோலில் ஆல்கஹால் சேர்ப்பது புதிய யோசனை அல்ல. 1948-லேயே அதற்கென்று இந்தியாவில் ஒரு சட்டம் போட்டார்கள். இன்று நாம் பார்க்கிற திட்டம் 2001-ல் சோதனையாகத் தொடங்கி, 2003-ல் சில மாநிலங்களில் 5 சதவீதக் கலப்பாக வந்தது. பல வருஷம் நொண்டி நொண்டித்தான் நடந்தது. 2022 ஜூனில் நாடு முழுக்கச் சராசரியாக 10 சதவீதம் எட்டியதாக அறிவித்தார்கள். 20 சதவீதத்துக்கு முதலில் வைத்த கெடு 2030. அதை 2025-க்கு முன்னே இழுத்தார்கள். 2023 பிப்ரவரியில் சில பங்குகளில் ஆரம்பித்த 20 சதவீதப் பெட்ரோல், 2025-ல் ஏறக்குறைய எல்லாப் பங்குக்கும் வந்துவிட்டது. எத்தனால் கரும்பிலிருந்து, சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகிலிருந்து, மக்காச்சோளத்திலிருந்து, நொய் அரிசியிலிருந்தும் தயாராகிறது. பட்டுக்கும் அரிசிக்கும் பேர்போன ஊர்க்காரர்கள் நாம். கரும்பு போடும் சொந்தக்காரர் இல்லாத வீடு நம் வட்டாரத்தில் குறைவு. ஆகவே எத்தனாலைத் திட்டுவதற்கு முன்னால் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இனி விஷயத்துக்கு வருவோம். எத்தனால் மூலக்கூறுக்கு இரண்டு முகம். ஒரு பக்கம் பெட்ரோலோடு சேரும், இன்னொரு பக்கம் தண்ணீரோடு சேரும். மாப்பிள்ளை வீட்டுக்கும் பெண் வீட்டுக்கும் நல்லவராக இருக்கும் தரகர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கொஞ்சமாக இருக்கும்வரை இரண்டு பேரையும் சேர்த்து வைத்திருப்பார். 10 சதவீதக் கலப்பில் ஒரு லிட்டருக்குச் சுமார் 5 மில்லி தண்ணீர் வரை தாங்கும். 20 சதவீதத்தில் அதைவிடக் கூடுதல். அந்த அளவைத் தாண்டினால் தரகர் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீர் பக்கம் போய்விடுவார். எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகச் சேர்ந்து கனத்து அடியில் இறங்கும். மேலே எத்தனால் இழந்த பெட்ரோல் மிதக்கும். குளிர்ந்தால் தாங்கும் அளவு இன்னும் குறையும். பகலில் ஒழுங்காக ஓடிய வண்டி மார்கழி மாசத்துக் காலையில் உதைக்க உதைக்கக் கிளம்பாமல் இருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். எல்லாவற்றுக்கும் இதுவே காரணம் என்று நான் சொல்லவில்லை. பிளக்கையும் பாருங்கள்.

மேடையிலேயே செய்து காட்டலாம் என்று நினைத்தேன். "பெட்ரோலை மேடைக்குக் கொண்டு வராதீங்க" என்று முதல்வர் தடுத்துவிட்டார். அவர் சொன்னது சரி. பந்தலில் அலங்கார விளக்கு தொங்குகிறது. அதனால் காலையில் வேதியியல் ஆய்வகத்திலேயே செய்து வைத்துவிட்டோம். 100 மில்லி அளவு உருளையில் 90 மில்லி பெட்ரோல், 10 மில்லி தண்ணீர். மூடிக் குலுக்கிச் சற்று நேரம் வைத்தால், சுத்தமான பெட்ரோலாக இருந்தால் அடியில் அதே 10 மில்லி தண்ணீர்தான் நிற்கும். 20 சதவீதக் கலப்பில் அடி மட்டம் கிட்டத்தட்ட 27, 28-க்கு ஏறிவிடும். பெட்ரோலில் இருந்த எத்தனால் தண்ணீரோடு இறங்கிவிட்ட கணக்கு அது.

அந்த அடிமட்ட நீர்தான் உங்கள் டேங்கின் எதிரி. எத்தனால் மட்டும் இரும்பைத் தின்றுவிடாது. தண்ணீர் தின்னும். அந்தக் காலத்துப் பெட்ரோலிலும் டேங்குக்குள் தண்ணீர் போனால் துருப் பிடிக்கத்தான் செய்தது. பழைய புல்லட் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். அப்போது தண்ணீர் ஒரு மூலையில் குட்டையாகக் கிடக்கும், அந்த இடம் மட்டும் அரிக்கும். இப்போது அதே தண்ணீர் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு மூன்று மடங்கு குட்டையாகிறது. எத்தனால் பழசானால் கொஞ்சம் அசிட்டிக் அமிலமும் உண்டாகும், வினிகரில் இருப்பது. பெட்ரோல் மின்சாரம் கடத்தாது, இந்த நீர் கடத்தும். மின்வேதியியல் படித்த மாணவர்களுக்கு மேற்கொண்டு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் குட்டை நிற்கும் இடம் டேங்கின் அடித் தையல், அதாவது இரண்டு தகட்டையும் சேர்த்து ஒட்டிய ஓரம். பெட்ரோல் குழாய் கிளம்புவதும் அதே அடிப்பகுதியிலிருந்துதான்.

"காத்துல இருக்கிற ஈரத்தை எத்தனால் உறிஞ்சிடும்" என்று ஒரு பயம் பரவியிருக்கிறது. உறிஞ்சும், ஆனால் மூடிய டேங்கில் அது மெதுவாக நடக்கிற காரியம். தினமும் ஓட்டி, வாரம் ஒருமுறை பெட்ரோல் போடும் வண்டியில் அதற்கு நேரமே கிடைக்காது. தண்ணீர் வருவது வேறு வழியில். டேங்க் மூடியைச் சுற்றி ஒரு பள்ளம் இருக்கும்; பல வண்டிகளில் மழைநீர் வடிவதற்கு அந்தப் பள்ளத்தில் ஒரு சின்ன ஓட்டையும் கீழே ஒரு டியூபும் வைத்திருப்பார்கள். ஊர்ப் புழுதி அதை அடைத்துவிட்டால் மழைநீர் மூடியைச் சுற்றிக் குளம் கட்டும். மூடி வாஷர் வெடித்திருந்தால் நேரே உள்ளே இறங்கும். வாட்டர் சர்வீஸ் விடும்போது பம்ப் தண்ணீரை மூடி மேலேயே பீய்ச்சி அடிக்கிறார்கள் பாருங்கள், அதைவிடப் பெரிய கேடு இல்லை. ஒரு ஊசியோ மெல்லிய கம்பியோ போதும், அந்த ஓட்டையைக் குத்தி விடுவதற்கு. இந்த உரையில் நீங்கள் வேறு எதை மறந்தாலும் இதைச் செய்துவிடுங்கள்.

அடுத்தது பெயின்ட். இது என் சொந்தத் தொழில், கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

சாயப்பட்டறைக் குடும்பத்தில் பிறந்தவன் நான். பட்டில் சாயம் நிற்பது என்றால் என்ன? சாயம் இழையோடு பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காமல் மேலே உட்கார்ந்திருந்தால் முதல் அலசலிலேயே தண்ணீர் சிவக்கும். பெயின்ட்டிலும் இதே இரண்டு ஜாதி உண்டு. ஒன்று லாக்கர் வகை. தின்னர் ஆவியாகிப் போனதும் காய்ந்துவிடும், அவ்வளவுதான். உள்ளே எந்த ரசாயன மாற்றமும் நடக்காது. ஆகவே மறுபடி தின்னர் பட்டால் மறுபடி கரையும். இன்னொன்று ஹார்டனர் கலந்து அடிப்பது, அல்லது தொழிற்சாலையில் அடுப்பில் வைத்துச் சுடுவது. இதில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பாவும் ஊடையும் பின்னிய துணி மாதிரி. பின்னிய பிறகு கரைப்பான் வந்தாலும் எளிதில் பிரியாது.

இப்போது ஒரு தின்னர் டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் என்ன இருக்கிறது? டொலுயின், ஆல்கஹால், இன்னும் ஒன்றிரண்டு கரைப்பான்கள். பெட்ரோலில் டொலுயின் ஏற்கெனவே இருந்தது. இப்போது ஆல்கஹாலும் சேர்ந்துவிட்டது. அதாவது தின்னர் டப்பாவில் இருப்பதில் இரண்டு சாமான் உங்கள் டேங்குக்குள் இருக்கிறது! கம்பெனியில் சுட்ட பெயின்ட் இதைத் தாங்கும். சிந்தியதை உடனே துடைத்துவிட்டால் ஒன்றும் ஆகாது. கீழே விழுந்து அடிபட்டு, டிங்கரிங் பண்ணி, பட்டி பார்த்து, சல்லிசாக இருக்கட்டும் என்று லாக்கரோ ஸ்பிரே டப்பாவோ அடித்த டேங்கில்தான் மூடியைச் சுற்றி முதலில் மினுமினுப்புப் போகும், பிறகு பிசுபிசுக்கும், பிறகு தோல் மாதிரி சுருங்கும். ஸ்டிக்கருக்கு மேல் கிளியர் கோட் இல்லாவிட்டால் ஓரத்தில் பெட்ரோல் புகுந்து பசையை இளக்கிவிடும். ஆகவே பெயின்ட் கடையில் விலை கேட்பதற்கு முன்னால், "ஹார்டனர் போட்டு அடிக்கிறீங்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் வேறு கடை பாருங்கள். டேங்குக்கு மட்டுமாவது செலவு பண்ணுங்கள். மட்கார்டுக்கு எதை வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம்.

கொப்புளம் வேறு கதை. டேங்கின் பக்கவாட்டிலோ அடி ஓரத்திலோ பெயின்ட் கடலைப் பருப்பு அளவுக்கு உப்பி நின்றால், அதை வெளியிலிருந்து வந்த வியாதி என்று நினைக்காதீர்கள். உள்ளே துரு தகட்டைத் துளைத்துவிட்டது, ஊசிமுனை ஓட்டை வழியாகப் பெட்ரோல் பெயின்ட்டுக்கு அடியில் ஊறிவிட்டது என்று அர்த்தம். அதன் மேல் பட்டி வைத்து மறுபடி பெயின்ட் அடிப்பது பணத்தைக் கமண்டல நதியில் போடுவதற்குச் சமம். டேங்கைக் கழற்றி, கொட்டி, கழுவித்தான் பார்க்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: காலி டேங்கில் அப்படியே கேஸ் வெல்டிங் வைக்க யாரையும் விடாதீர்கள். பெட்ரோல் ஆவி நிற்கும் காலி டேங்க், நிறைந்த டேங்கைவிட ஆபத்து. பல முறை கழுவி, தண்ணீர் நிரப்பி, வேலை நடக்கும் இடம் மட்டும் வெளியே இருக்கும்படி வைத்துச் செய்கிற அனுபவசாலியிடம்தான் கொடுக்க வேண்டும்.

ரப்பரும் இருக்கிறது. பழைய வண்டியின் பெட்ரோல் டியூப், டேப்புக்குள் இருக்கும் வாஷர், கார்புரேட்டரின் ஓரிங் எல்லாம் சாதாரண நைட்ரைல் ரப்பர். எத்தனாலில் அது உப்பும், காய்ந்தால் விறைத்து வெடிக்கும். 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமே, சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு ரப்பர் பாகங்களைக் கொஞ்சம் முன்கூட்டியே மாற்ற வேண்டியிருக்கலாம், அது சின்னச் செலவுதான் என்று சொன்னது. சின்னச் செலவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "மாற்று" என்று அந்தத் தறிக்காரரிடம் யார் போய்ச் சொன்னார்கள்? டியூப் வெடித்துச் சூடான இன்ஜின் மேல் சொட்டினால் அது சின்னச் செலவாக இருக்காது. புதிதாக வாங்கும்போது எத்தனால் தாங்கும் டியூபா என்று கேட்டு வாங்குங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றினால் வெள்ளைப் பொடி தட்டுப்படுகிறதா பாருங்கள். அது அலுமினியமும் துத்தநாகமும் அரித்த பொடி. அதுதான் ஜெட்டை அடைக்கும்.

மைலேஜ் பற்றிக் கேட்பீர்கள். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் வெப்ப ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து, 10 சதவீதத்துக்குச் சரிசெய்த இருசக்கர வண்டிகளில் 20 சதவீதக் கலப்பு போட்டால் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. 50 கொடுத்த வண்டி 48 கொடுக்கும். "பாதியா குறைஞ்சிடுச்சு சார்" என்பவர் செயின், டயர் காற்று, ஏர் ஃபில்டர் மூன்றையும் பார்க்கட்டும்.

இதை உலகத்தில் நாம்தான் முதலில் அனுபவிக்கிறோம் என்று இல்லை. பிரேசில் 1975-ல் கரும்பு எத்தனால் திட்டத்தைத் தொடங்கியது. ஆரம்பத்தில் அங்கேயும் கார்புரேட்டர் அரித்தது; நிக்கல் பூசித் தடுத்தார்கள். 2009-ல் எந்தக் கலப்பிலும் ஓடும் ஹோண்டா மோட்டார் சைக்கிளே அங்கு வந்துவிட்டது. அமெரிக்காவில் டுகாட்டி வண்டிகளின் பிளாஸ்டிக் டேங்குகள் எத்தனால் பெட்ரோலில் உப்பி, சட்டத்தில் உட்காராமல் போய் வழக்கு நடந்தது. நம் ஓசூர் டிவிஎஸ் 2019-லேயே முழு எத்தனாலில் ஓடும் அப்பாச்சி வண்டியை வெளியிட்டது. ஆக, எத்தனாலுக்கு ஏற்ற டேங்கும் டியூபும் செய்ய முடியாத காரியம் அல்ல. 2023 ஏப்ரல் முதல் வரும் புது வண்டிகளின் பாகங்கள் 20 சதவீதத்தைத் தாங்கும்படி செய்யப்படுகின்றன. கேள்வி, அதற்கு முன்னால் வாங்கிய கோடிக்கணக்கான வண்டிகளைப் பற்றியது. பிரேசில்காரர் பங்கில் எதைப் போடுவது என்று தேர்ந்தெடுக்கிறார். இங்கே எத்தனால் இல்லாத சாதாரணப் பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று போட்ட பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்துவிட்டது. தேர்வு கொடுக்காவிட்டாலும் தகவல் கொடுக்கலாமே என்பது என் கட்சி. மருந்துச் சீட்டில் இருப்பதுபோல் ஒவ்வொரு பம்பிலும் எத்தனை சதவீதம் என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, பழைய வண்டிக்காரர் எந்த ரப்பரை மாற்ற வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் யாருக்கு நஷ்டம்?

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரில் அப்பாவின் புல்லட்டையோ, படிக்கும்போது ஓட்டிய ஆர்.எக்ஸ். 100-ஐயோ துணி போட்டு மூடி வைத்திருக்கிறீர்கள். வருஷத்துக்கு ஒரு முறை வந்து உதைத்துப் பார்க்கிறீர்கள். அதிகம் கெடுவது ஓடுகிற வண்டி அல்ல, இந்த வண்டிதான். "டேங்கை ஃபுல் பண்ணி வை" என்ற பழைய அறிவுரை இரண்டு மூன்று வாரத்துக்குச் சரி. மாசக் கணக்கில் நிற்கப் போகிறது என்றால் டேங்கை முழுக்கக் காலி செய்து, உலரவிட்டு, உள்ளே கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு நாலா பக்கமும் சுழற்றி வையுங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடி ஸ்குரூவைத் திருகி அதையும் காலி செய்யச் சொல்லுங்கள். ஊரில் இருக்கும் தம்பியிடமோ மாமாவிடமோ சாவியைக் கொடுத்து, "சும்மா வாரம் ஒரு தடவை ஓட்டுங்க" என்று சொல்வது இன்னும் உத்தமம். சாவியைக் கொடுக்க மனசு வராது, அது எனக்கும் தெரியும்.

தினமும் ஓட்டுகிறவர்களுக்கு: டேங்கை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். நம் சித்திரை வெயிலில் நிறுத்தினால் பெட்ரோல் விரிந்து மூடி வழியாக வழியும். நாசிலை எடுக்கும்போது சொட்டுவதை ஈரத் துணியால் உடனே துடையுங்கள். டேங்க் மேல் சேலை மூட்டை வைக்கிறவர்கள் கீழே ஒரு ரப்பர் ஷீட்டை விரித்து, பெட்ரோல் போட்ட கையோடு மூட்டையை ஏற்றாமல் ஐந்து நிமிஷம் பொறுத்து ஏற்றுங்கள்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். அந்த அளவு உருளைச் சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஆரணியிலிருந்து வேலூர் ரோடு, செய்யாறு ரோடு, போளூர் ரோடு என்று பிரிந்து போய், ஒவ்வொரு பங்கிலும் மாதிரி எடுத்து, மாசம் ஒருமுறை, மழைக்கு முன்னும் பின்னும் அளந்து எழுதி வையுங்கள். ஆசிரியர் மேற்பார்வையில், ஜன்னல் திறந்து, பர்னர் எதுவும் எரியாத அறையில் செய்யுங்கள். உருளையை வாய்வரை நிரப்பாதீர்கள், குலுக்கியதும் மூடியை மெல்லத் திறந்து ஆவியை வெளியே விடுங்கள். ஒரு வருஷக் கணக்கு கையில் இருந்தால் நாம் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கும்போது டீக்கடைப் பேச்சை எடுத்துக்கொண்டு போக வேண்டியிருக்காது. அடுத்த வருஷ மலரில் அந்தப் பட்டியலை அச்சடிக்க இரண்டு பக்கம் ஒதுக்கித் தருவதாகச் செயலாளர் இப்போதே தலையாட்டிவிட்டார்.

காலையில் செய்து வைத்த இரண்டு உருளைகளும் ஆய்வக மேஜை மேல் இருக்கின்றன. சாப்பாட்டுக்குப் பந்தி போடுவதற்குள் பார்க்க விரும்புகிறவர்கள் பார்த்துவிட்டு வரலாம். செல்போனில் படம் எடுக்கலாம், பீடி சிகரெட் மட்டும் வாசலிலேயே நிற்கட்டும்.